அப்புத்தளைக்கு முதன்முறை போகும் யாழ்ப்பாணத்தாருக்கு

மலைநாட்டுப் பயணம் என்றால் நம்மூரில் ஒரு வழக்கம் இருக்கிறது. பதினைந்து பேர் சேர்ந்து வான் பிடிப்பார்கள். பின்னால் சட்டி பானை, முன்னால் பெரிய ஸ்பீக்கர். மூன்றே நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல, கதிர்காமம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, பாதித் தூக்கத்தில் ஆனையிறவைக் கடப்பார்கள். எங்கே இறங்கினோம் என்பது பிறகு படங்களைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். அப்படிப் போக விரும்புகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை உதவாது. ஒரே ஊரில் இரண்டு மூன்று இரவு தங்கி, காலால் நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

அதற்கு நான் சொல்லும் ஊர் அப்புத்தளை. நுவரெலியா சித்திரையில் திருவிழாக் கூட்டமாகிவிடும். எல்ல வெளிநாட்டுப் பயணிகளுக்கான கடைத்தெருவாக மாறிப் பல காலம் ஆகிறது. அப்புத்தளையோ இன்னமும் சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,430 மீற்றர் உயரத்தில், ஒரு மலைமுகட்டின் முதுகில் அமர்ந்திருக்கிறது. கடைத்தெருவில் நின்று ஒரு பக்கம் திரும்பினால் ஊவா மலைகள், மறுபக்கம் திரும்பினால் தெற்குச் சமவெளி வரை கீழே இறங்கும் பள்ளம். பலசரக்குக் கடையிலும் பஸ்ஸிலும் கோயிலிலும் தமிழிலேயே பேசிக்கொள்ளலாம். சிங்களம் தெரியாத நம் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும் இது பெரிய ஆறுதல்.

எந்த மாதம்

தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும் வரை போவது நல்லது. காலையில் வானம் தெளிந்திருக்கும், பாதைகள் காய்ந்திருக்கும். இரவில் குளிர் கடுமைதான், ஆனால் போர்வையால் சமாளிக்கக்கூடிய குளிர்.

ஆடி, ஆவணியிலும் போகலாம். நம்மூரில் சோளகம் புழுதி கிளப்பும் அதே நாள்களில் அங்கும் காற்று பலமாக வீசும். மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வறண்டு வந்து சேரும் காற்று அது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுப்பதும் அந்த வறட்சிதான். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கும் கொழுந்துக்குத் தனி மணம். காற்றில் தொப்பி பறக்கும், பேச்சுக் கேட்காது, ஆனாலும் நடக்கலாம்.

ஐப்பசியையும் கார்த்திகையையும் தவிர்த்துவிடுங்கள். மழையில் நனைவீர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று காலை, அப்புத்தளைக்குக் கீழே கொஸ்லந்தைப் பகுதியில் மீரியபெத்தை தோட்டத்தின் லயங்கள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) மண்சரிவில் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாடெங்கும் மலைகளைச் சரித்தது. ரயில் பாதையும் பல இடங்களில் சேதமடைந்தது. எந்த மாதமானாலும், புறப்படுவதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கிறதா என்று பாருங்கள். விடுத்திருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். விடுதிக்குக் கட்டிய முற்பணத்தை நினைத்து மனம் கேட்காதுதான், இருந்தாலும் தள்ளிப்போடுங்கள்.

போய்ச் சேர்வது

இரண்டு வழிகள். ஒன்று, யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு போகும் ரயிலில் ஏறிப் பொல்காவலையில் இறங்குவது. வடக்குப் பாதை மலைநாட்டுப் பாதையோடு சேரும் சந்தி அதுதான். அங்கே பதுளை ரயிலுக்கு மாறலாம். கொழும்பு வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல். ஆனால் நீங்கள் ஏறும் ரயில் பொல்காவலையில் நிற்குமா, பதுளை ரயில் எத்தனை மணிக்கு வரும் என்ற இரண்டையும் யாழ்ப்பாண நிலையத்திலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மற்றது, இரவு பஸ். ஏ9 வீதியின் மறுமுனை கண்டிதான், மொத்தம் 321 கிலோமீற்றர். இரவு ஏறினால் விடியற்புறம் கண்டியில் இறங்கலாம். அங்கிருந்து பதுளை ரயில், அல்லது நுவரெலியா, வெலிமடை வழியாகப் பஸ். பதுளை ரயில்கள் எல்லாமே கண்டிக்குள் வருவதில்லை. சில பேராதனைச் சந்தியோடு திரும்பிவிடும். கண்டி மேடையில் காத்திருந்து ரயிலைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். எந்த நிலையத்தில் ஏற வேண்டும் என்பதைக் கேட்டுவிட்டு நகருங்கள். வயதானவர்கள் இருந்தால் கண்டியில் ஒரு பகல் ஓய்வெடுத்துப் போவது நல்லது. இரவு முழுக்க பஸ்ஸில் இருந்துவிட்டு மலை வளைவுகளில் ஏறினால் யாராவது வாந்தி எடுப்பது உறுதி. தேசிக்காய் கையில் இருக்கட்டும்.

புயலுக்குப் பிறகு ரயில் எங்கிருந்து எதுவரை ஓடுகிறது என்பதைப் பயணத்துக்கு முதல் வாரம் உறுதிசெய்துகொள்ளுங்கள். முழுத் தூரமும் ஓடினால் ரயிலையே தேர்ந்தெடுங்கள். 1885இல் நானுஓயா வரை வந்த பாதை அப்புத்தளையைத் தொட 1893 ஆயிற்று; அந்த எட்டு ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன என்பது ஜன்னலோரம் இருந்தால் விளங்கும். பட்டிப்பொல நிலையம் இலங்கையிலேயே உயரமானது, ஏறத்தாழ 1,898 மீற்றர். அதைத் தாண்டி ஒஹிய, இதல்கஸ்ஹின்ன என்று குகைகளுக்குள் புகுந்து வெளியே வரும்போதெல்லாம் வானிலை மாறியிருக்கும். ஒரு குகைக்கு முன் மழை, பின் வெயில். முற்பதிவு இருக்கைகள் சுமார் ஒரு மாதத்துக்கு முன்பே திறந்து விரைவில் தீர்ந்துவிடும். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பு டிக்கெட்டும் போதும், நிற்கத் தயாராக இருந்தால். வாசலில் தொங்கிப் படம் எடுக்கும் பிள்ளைகளை உள்ளே இழுத்து வைத்திருங்கள். குகைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில்தான் ஓடும்.

பையில் என்ன

முதலில் சப்பாத்து. அடியில் பிடிப்பு உள்ளதாக, ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்க வேண்டும். செருப்போடு தேயிலை மலையில் இறங்கினால் ஈரக் களிமண்ணில் சறுக்கும். மணற்காட்டு மணல்மேட்டைவிட உயரமான எதிலும் ஏறிப் பழகாத கால்கள் நம்முடையவை. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது முழங்கால் பிடிப்பதுதான் மறுநாளும் விடாது. ஒரு தடி வெட்டிக்கொண்டால் பாதிப் பாரம் குறையும்.

குளிருக்கு உடுப்பு. கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த உறவினர்கள் விட்டுப்போன தடித்த ஜாக்கெட் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பனிக்காலத்துக்குத் தைத்தது அது, பத்து நிமிடம் ஏறினால் உள்ளே வியர்த்துக் கொட்டும். மெல்லிய கம்பளிச் சட்டை ஒன்றும், அதற்கு மேல் மழைக்கோட்டு ஒன்றும் போதும். குடையைக் காற்று மடக்கிவிடும்.

மழைக்குப் பின் அட்டை இருக்கும். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். காலுறைமேல் சவர்க்காரத்தையோ சித்தாலேபவையோ பூசிக்கொண்டால் பெரும்பாலும் ஏறாது. ஏறிவிட்டால் பிடித்து இழுக்காமல் கொஞ்சம் உப்புப் போடுங்கள், விழுந்துவிடும். வலிக்காது. கடித்த இடத்தில் இரத்தம் சற்று நேரம் நிற்காமல் வருவதுதான் பார்க்கப் பயமாக இருக்கும்.

நடைத்தீனிக்குப் பருத்தித்துறை வடையை மிஞ்சியது இல்லை. நொறுங்காது, ஊசாது, பையின் அடியில் கிடந்தாலும் கிடக்கும். பனங்கட்டியும் ஒரு குட்டான் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கான காரணம் மலை உச்சியில் தெரியும்.

தங்குவது

ஊருக்குள் பெரிய ஹோட்டல்கள் அதிகமில்லை. வீடுகளோடு சேர்ந்த சிறு விடுதிகளே அதிகம். பேசும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: சுடுதண்ணீர் எந்நேரமும் வருமா, ஆளுக்கு எத்தனை போர்வை, அறை பள்ளத்தைப் பார்த்திருக்கிறதா வீதியைப் பார்த்திருக்கிறதா. சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். விரத நாளானால் தனிச் சட்டி கேட்கத் தயங்க வேண்டாம், அங்கும் விரதம் பிடிக்கும் வீடுகள் உண்டு.

லிப்டன் சீட்டுக்கு நடை

நாள் தெரிவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இப்போது துறவிகளின் மடமாக இருக்கும் அடிசம் பங்களா என்ற பழைய மாளிகை சனி, ஞாயிறு, பௌர்ணமி, பாடசாலை விடுமுறை நாள்களில்தான் பார்வையாளருக்குத் திறந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கொழுந்து பறிப்பு இல்லாததால் தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கும். ஆகவே வெள்ளி போய்ச் சேர்ந்து, சனி விடிய லிப்டன் சீட்டும் தொழிற்சாலையும், ஞாயிறு அடிசமும் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

கிளாஸ்கோவில் பலசரக்குக் கடை நடத்திப் பணக்காரரான தோமஸ் லிப்டன், 1890இல் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கினார். ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தம்பேத்தன்ன தொழிற்சாலை அவர் கட்டியது. அங்கிருந்து இன்னும் 7 கிலோமீற்றர் ஏறினால், அவர் உட்கார்ந்து தம் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் மலைமுனை, அதுதான் லிப்டன் சீட். உயரம் சுமார் 1,970 மீற்றர்.

விடிவதற்கு முன்பே உச்சியில் இருக்க வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் பள்ளத்திலிருந்து முகில் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு வெள்ளைச் சுவரைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முதல் நாள் மாலையே ஒரு ஓட்டோவைப் பேசி வையுங்கள். மேலே கொண்டுபோய் விட மட்டுமா, காத்திருந்து இறக்கவும் வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்லிப் பேசினால் வாக்குவாதம் வராது. வழியில் சிறு தொகைக்கு நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.

என் யோசனை: ஏறுவது ஓட்டோவில், இறங்குவது நடையில். ஏழு கிலோமீற்றரும் தேயிலைக்கு நடுவே இறக்கம், வழி தவற வாய்ப்புக் குறைவு, நின்று நின்று வந்தாலும் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் தொழிற்சாலைக்கு வந்துவிடலாம். இளையவர்கள் தம்பேத்தன்ன வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏறலாம், ஆனால் முதல் பஸ்ஸில் போனாலும் முகிலோடு போட்டிதான்.

உச்சியில் லிப்டனின் சிலை ஒன்று இருக்கிறது. எல்லோரும் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். ஒரு சிறு தேத்தண்ணீர்க் கடையும் உண்டு. பிளேன்டீ சொல்லி, சீனி வேண்டாம் என்று சொல்லுங்கள். கொண்டுபோன பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு அந்தக் குளிரில் சாயத்தண்ணீர் குடிப்பதற்காகவே இன்னொரு முறை ஏறலாம். கடைக்காரருக்கும் ஒரு துண்டு கொடுங்கள், பேச்சு தானாக வளரும்.

கொழுந்து மலையில் நடக்கும்போது

இறங்கி வரும் வழியில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார்கள். நாம் நடப்பது அவர்களுடைய வேலைத்தலம் என்பதை வான் கோஷ்டிகள் மறந்துவிடுகின்றன. பல தோட்டங்களில் ஒரு நாள் பெயருக்கு, அதாவது முழுநாள் கூலிக்கு, 18 கிலோ அளவில் கொழுந்து கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் அவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுத்தால், குறையும் கிலோ அவர்கள் கணக்கில்தான் விழும். கொழுந்து நிறுக்கும் இடத்தை வழியில் பார்க்க நேர்ந்தால் சற்றுத் தள்ளி நின்று கவனியுங்கள். பச்சை இலையைச் சாக்கிலிருந்து கொட்டித் தராசில் தூக்குவார்கள். கணக்கப்பிள்ளை இலக்கத்தைச் சொல்லி எழுதுவார். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கொஞ்சம் கழிபடும். அந்த இலக்கம் சொல்லப்படும் நொடியில் பறித்தவரின் கண் முள்ளிலேயே இருக்கும்.

படம் எடுக்க வேண்டுமென்றால் "அக்கா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள். நம்மைவிட இளையவரானாலும் "நீங்கள்" என்றே பேசுங்கள். நம் வீடுகளில் முன்பு மலையகத் தமிழரைக் குறித்து ஒரு இழிசொல் வழங்கியது. சில வீடுகளில் இன்னும் வழங்குகிறது. அது விளையாட்டுக்கும் வாயில் வரக்கூடாது என்று கூட வரும் பெரியவர்களிடம் யாழ்ப்பாணத்திலேயே சொல்லிவிடுங்கள். கோப்பித் தோட்டங்களுக்காக 1820கள் தொடங்கித் தலைமன்னாரில் இறங்கிக் காடு வழியே நடத்திக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இனக்கலவரங்களுக்குத் தப்பி வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் வந்து குடியேறிய குடும்பங்கள் பல, ஆகவே "கிளிநொச்சியில் எங்கள் சித்தி இருக்கிறார்" என்று யாராவது தொடங்கினால் வியப்படைய வேண்டாம்.

லயங்களுக்கு நடுவே போகும் பாதை பொதுப்பாதைதான், ஆனால் வீட்டு வாசல்கள் பாதையிலேயே திறக்கும். உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு இனிப்பு வீசும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஏதாவது செய்ய விரும்பினால் லயத்துக் கடையில் ரொட்டியும் சம்பலும் வாங்கிச் சாப்பிடுங்கள்; தடித்த தேங்காய் ரொட்டி ஒன்று மதியம் வரை தாங்கும்.

தொழிற்சாலையைத் தோட்டத்தார் ஸ்டோர் என்பார்கள். கட்டணம் கட்டினால் உள்ளே அழைத்துப்போய்க் காட்டுவார்கள். மேல் மாடியில் நீளத் தொட்டிகளில் இலையை வாட்டுவதிலிருந்து தொடங்குங்கள். உருட்டுவது, நொதிக்க விடுவது, சூட்டில் உலர்த்துவது, சல்லடையில் தரம் பிரிப்பது என்று இலை கீழே இறங்கி வரும். நொதிக்கும் இடத்தில் பச்சை இலை செம்பாகும்போது எழும் மணத்தை வேறெங்கும் முகர முடியாது.

அடிசம் பங்களா

ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீற்றர். மெல்ல நடந்தே போகலாம், பாதை ரயில் பாதைக்கு மேலாக வளைந்து போகும். சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1931இல் கட்டிய கல்மாளிகை. இங்கிலாந்தின் கென்ற் பகுதியில் அவர் பிறந்த கிராமத்தின் பெயரையே வைத்தார். இப்போது அது ஆசீர்வாதப்பர் (பெனடிக்ற்) சபைக் கத்தோலிக்கத் துறவிகளின் மடம். வீட்டுக்குள் திறந்திருப்பது ஓரிரண்டு அறைகள்தான். நூலகம் நன்றாக இருக்கும்.

தோட்டத்துக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். படிப்படியாக இறங்கும் பாத்திகளில் ரோசா, பெயர் தெரியாத குளிர்நாட்டுப் பூக்கள், ஓரத்தில் பழமரங்கள். நம் செவ்வரத்தையும் தேமாவும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஒவ்வொரு பூவும் கொஞ்சம் பெரிதாகவே தெரியும். சத்தம் போடாதீர்கள், அது தியான மடம். புல்லில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சல் அவிழ்க்கவும் கூடாது. துறவிகள் தம் தோட்டத்துப் பழங்களில் செய்யும் ஜாமும் சட்னியும் வாசலில் விற்பனைக்கு இருக்கும். பகலுக்குள் தீர்ந்துவிடும் என்பதால் போகும்போதே வாங்கிவிடுங்கள்.

அடிசமைத் தாண்டினால் தங்கமலைக் காப்புக்காடு. பறவை பார்க்கிறவர்கள் விடியற்காலையிலேயே போவார்கள். நிழல் நடை, ஏற்றம் குறைவு, அட்டை அதிகம். தனியே ஆழமாகப் போக வேண்டாம். விடுதியில் சொன்னால் வழி தெரிந்த ஒருவரை அனுப்புவார்கள். சிலர் குறுக்குவழி என்று தண்டவாளத்தில் நடப்பார்கள். வளைவுகளும் குகைகளும் உள்ள பாதையில் ரயில் வருவது முன்கூட்டித் தெரியாது; சட்டப்படியும் குற்றம்.

இன்னும் ஒரு நாள் இருந்தால்

ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒஹிய வழியாக வாகனத்தில் போகலாம். 9.5 கிலோமீற்றர் வட்டப் பாதை, நடுவில் உலக முடிவு என்னும் சுமார் 870 மீற்றர் செங்குத்துப் பள்ளம். இங்கும் முகிலுக்கு முன் போக வேண்டும். வாசலில் பொலித்தீனைப் பறித்துவிடுவார்கள், சாப்பாட்டைப் பெட்டியில் கட்டுங்கள். நுவரெலியா வழியாகத் திரும்புகிறவர்கள் ஹக்கல பூங்காவில் இறங்கலாம். 1861இல் சிங்கோனா வளர்க்கத் தொடங்கிய இடம், இப்போது ரோசாத் தோட்டத்துக்குப் பெயர் பெற்றது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம்.

திரும்பும்போது

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் இரவு பஸ்ஸில் ஞாயிறு மாலை இடம் கிடைப்பது கடினம். திங்கள் திரும்பினால் நிம்மதி. மேல் உடுப்பைப் பையின் அடியில் போட்டுவிடாதீர்கள், குளிரூட்டிய பஸ்ஸில் அப்புத்தளையைவிட அதிகமாக நடுங்குவீர்கள்.

தேயிலை வாங்காமல் யாரும் வரமாட்டார்கள். அங்கே குளிக்கும்போது ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: சவர்க்காரம் போட்டால் நுரை தள்ளும், எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்புப் போகாது. மலைத் தண்ணீர் அவ்வளவு மென்மையானது. நம் கிணறுகளோ சுண்ணாம்புக் கல்லில் ஊறும் கிணறுகள். தம்பேத்தன்னயில் பொன்னிறமாக இருந்த அதே தேயிலை நம் வீட்டுத் தண்ணீரில் கறுத்து, மேலே ஆடை படிந்து, மணம் அடங்கிப்போகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுவார்கள், அவர்மேல் பிழையில்லை. ஆகவே விலை கூடிய மென்மையான தரத்தை அள்ளி வராமல், பாலுக்குத் தாங்கும் கடுஞ்சாயத் தூளில் ஒரு பைக்கற் வாங்குங்கள். நல்ல தரம் ஒரு சின்னப் பெட்டி போதும். அதை வடிகட்டிய போத்தல் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பால் சேர்க்காமல் போட்டுக் குடியுங்கள்.